ஈரம் கேட்ட முரசு

மக்கா,

இன்று காலை அரங்கத்தின் பின்கதவைத் தாண்டி வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்துவிட்டது. மஸ்கட் புழுக்கம். எல்லோரும் திட்டித் தீர்க்கிற இந்தக் காற்றை வேண்டுமென்றே உள்ளே விட்டவன் நீ ஒருவன்தான்.

அரங்கத்தில் நான் விளக்குக்காரன், நீ ஏசிக்காரன், தங்கியது ரூவி பகுதியில் ஒரே ரூம். ஜப்பானிலிருந்து நாடகக் குழு வந்த அந்த மத்தியானம், நம் உடுக்கை போல இடை சிறுத்த சின்ன முரசைத் தோளில் வைத்து ஓர் அம்மா தட்டினார். பலகையைத் தட்டிய சத்தம்தான் வந்தது. தோலில் வாயால் ஊதிப் பார்த்தார், ஈரக் காகிதத் துண்டை ஒட்டிப் பார்த்தார். சாயங்காலம் நிகழ்ச்சி, முகம் வாடிவிட்டது. அந்தத் தோலுக்கு ஈரம் வேண்டும், உங்கள் ஏசி எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டது என்றார் மொழிபெயர்ப்பாளர். கூட வந்த பெரிய முரசையோ அடுப்பில் வாட்ட வேண்டுமாம். "ஒரே வீட்டுல ரெண்டு மருமக்க" என்று என் காதில் முணுமுணுத்தாய்.

பிறகு மேடைக்குப் பக்கத்து அறை ஏசியை நிறுத்தினாய். வெளிக்காற்று வர அங்கிருந்த சாமான் இறக்கும் கதவை அகலத் திறந்து, முரசோடு அந்த அம்மாவை அங்கே உட்கார வைத்தாய். சூப்பர்வைசர் ஓடிவந்தார். மூடாவிட்டால் நாளைக்கே ஊருக்கு டிக்கெட் என்றார். உன் மகளுக்கு அப்போதுதான் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. மூடிவிடு என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இத்தன வருசம் மனுசனுக்குக் காத்து பாத்தாச்சு சார். இன்னிக்கு ஒரு தோலுக்குப் பாக்கேன்" என்றாய்.

சாயங்காலம் அந்த முரசு வாய் திறந்தது. உருண்டு திரண்ட ஒலி, கடைசி வரிசை வரை போனது. திரைக்குப் பின்னால் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்று கேட்டாய். டிக்கெட் வரவில்லை. பாராட்டையெல்லாம் சூப்பர்வைசரே வாங்கிக்கொண்டார், அதற்கும் சிரித்தாய்.

லீவில் ஊருக்குப் போனவன் நெஞ்சுவலியில் அங்கேயே போய்ச்சேர்ந்துவிட்டாய். உன் கட்டிலில் வேறு ஆள் படுப்பது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. உன் மகள் தோஹாவில் டூட்டிக்குச் சேர்ந்துவிட்டாள், தெரியுமா?

அடுத்த வாரம் அதே குழு வருகிறது. இன்று சூப்பர்வைசரிடம் நானாகப் போய், நிகழ்ச்சி அன்றைக்கு அந்தப் பக்கத்து அறையில் ஏசி ஓடக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும் என்றேன். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். குரல் நடுங்கத்தான் செய்தது மக்கா, ஆனாலும் அவருக்குக் கேட்டது.