உம்மா வாங்கித் தந்த பொடி

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

பக்கத்து வீட்டு ஜபீன் கல்யாண போட்டோவில் என் உப்பிய முகத்தையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, சவூதியிலிருந்து போனில் கேட்டீர்களே, "ஊட்டுக்கு யாரு வந்துகினு போறாங்க?" என்று. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிப் புகையில் வந்த இளைப்புக்கு உங்கள் உம்மாதான் யாரோ வைத்தியரிடம் மூலிகைப் பொடி வாங்கித் தந்தார்கள். ஒரே வேளையில் மூச்சு சீரானது. அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஜபீன் கல்யாணம் முடிந்த வாரம் டாக்டரிடம் போனோம். "ஸ்டீராய்டு கலந்திருக்காங்கம்மா, அதான் உடம்பு உப்பிக்கிச்சு. டக்குனு நிறுத்தாதீங்க, கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும்" என்றார். உம்மாவும் கூடவே இருந்து கேட்டார்கள். வெளியே வந்ததும், "அவன்கிட்ட இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அந்த போட்டோ வந்திருக்கிறது.

அனுப்பியது யார், மச்சான்?

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி