அப்பா போட்ட கையெழுத்து

கதவைத் திறக்காத அப்பாவுக்கு,

மூன்று நாளாகப் புரோத்ராபூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஜங்லிகாட் வந்து தட்டுகிறேன். உள்ளே உங்கள் போன் அடிப்பது எனக்கே கேட்கிறது. அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

என் தலையில் வந்த கட்டிக்குச் செல்போன்தான் காரணம் என்றீர்கள். பிறகு ஹேர் டை என்றீர்கள். "சின்ன வயசுல தலைக்கு ரேடியேஷன் குடுத்தாங்களா?" என்று டாக்டர் கேட்டபோது உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தது என் தப்பு. இப்போது சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரிக்கு நிற்கிறவர்களிடமெல்லாம், "பேப்பர்ல சைன் போட்டது நாந்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். போதும் அப்பா!

ஆறு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய். அன்று அந்த ரேடியேஷனுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால் ஏழாவது பிறந்தநாளே வந்திருக்காது. இதை இன்னும் எத்தனை தடவை சொல்ல?

கட்டி மூளைக்குள் இல்லை, மூளையைச் சுற்றிய உறையில் இருக்கிறது. ஸ்கேனைப் பார்த்தால் மெதுவாக வளரும் முதல் கிரேடு போலத்தான் தெரிகிறதாம். எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. எடுக்கும்போது என்னென்ன ஆகலாம் என்றும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் பாதிக்கு மேல் படிக்கவில்லை.

அந்தத் தாளின் கீழே உறவினர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் மருமகன் பேனாவைத் திறந்தார். பிடுங்கி வைத்துவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் போகும் செவ்வாய்க்கிழமை சென்னை ஃப்ளைட்டில் உங்களுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. அந்தக் கட்டத்தில் நீங்கள்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
முப்பத்தேழு வயதாகிவிட்ட
உங்கள் மகள்