குளியலறையில் நீலப் பெட்டி

என்னங்க,

மத்தியானச் சாப்பாடு மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

நேற்று நீங்கள் தூக்கி எறிந்த நீலப் பெட்டியை மறுபடி குளியலறையில் வைத்திருக்கிறேன். பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனைக்குக் குச்சியில் துளி மலம் எடுத்துக் குப்பியில் போட்டால் போதும். சுகாதாரப் பணியாளராக இதைச் சொல்லித்தானே தெருத்தெருவாக அலைகிறேன்! தையல்காரர் மனைவி, "உங்க வீட்டுக்காரர் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டார். இன்றும் அந்தத் தெருதான். போகக் கால் வரவில்லை.

என்னுடையது ஃப்ரிட்ஜில், கறுப்புப் பையில் இருக்கிறது. முகம் சுளிக்காதீர்கள்.

பி.கு: "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றீர்களே, இதே நோயில் போன உங்கள் அண்ணனும் அதையேதான் சொன்னார். அவர் விட்டுப்போன சட்டையைத்தான் இன்று நீங்கள் வேலைக்குப் போட்டுப் போனீர்கள்.