அப்பா முகம் தெளிவா வரணும்

புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகியும் மணிமேகலைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப மனமில்லை. தங்கள் கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கணவன் சூர்யபிரகாஷ், இடம் மிச்சமாகட்டும் என்று படத்தின் தெளிவைத் தீர்மானிக்கும் பிட்ரேட்டை எண்ணூறுக்குக் குறைத்துவிட்டான். போன வருடம் இறந்துபோன அவளுடைய அப்பாவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரிந்தது. நேற்று அதனால்தான் சண்டை. அவன் இன்னும் எழவில்லை. சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"ரசம் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்கங்க. வெளிய போனா சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துருங்க. டிவிடியத் திரும்ப ஏத்துங்க. பிட்ரேட்ட அஞ்சாயிரத்துக்குக் கீழ வைக்காதீங்க. எடம் பத்தலைன்னா என் போட்டோவ அழிச்சிக்கங்க."

தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"காலையில டிவிடியவே போட்டுப் பாத்தேன். அப்பா என் கையப் புடிச்சிக் குடுக்கையில உங்க கண்ணும் கலங்கியிருக்கு. நீங்க ஏத்துனதுல அது தெரியலங்க."