நீலமாகவே இருந்த மணிகள்

நாள் 611 — 07:10
எழுதுபவர்: மங்கையர்க்கரசி, உலோகவியலாளர், பனிக்கோள் நிலையம். தனியாள். ஈரப்பதம் 96 சதவீதம். நான் திரும்பிப் போக வேண்டிய சிறு கலத்தின் நான்கு எரிபொருள் வால்வுகளும் தனித்தனிப் பெட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்ச ஒரு பை சிலிக்கா ஜெல். வழக்கம்போல் திறந்து பார்த்தேன். மூன்றில் மணிகள் நீலம், ஈரமில்லை. இரண்டாவதில் லேசாக ரோஜா நிறம், ஈரம் ஏறிவிட்டது. அடுப்பில் உலர்த்திய பையை மாற்றி வைத்தேன். எல்லாம் சரி.

நாள் 702 — 09:30
கப்பல் மேலே வந்து சுற்றுகிறது. ஓட்டி பிரிட்டோ, தூத்துக்குடிக்காரன். இரண்டு வருடத்தில் நான் கேட்ட முதல் மனிதக் குரல்:
"என்னக்கா, உடம்புல பாசி புடிச்சிட்டா? மேல வாங்க, கருவாடு மாதிரி காயப் போட்டுருதேன்."
"முதல்ல நீ குளிச்சியாடா?" என்றேன். சிரித்தேன். தொண்டை வலித்தது.
707ஆம் நாள் 16:40-க்குக் கப்பல் கிளம்பிவிடும். அடுத்தது பதினான்கு மாதம் கழித்து. இங்குள்ள காற்றுக் கருவி இரண்டு மாதம்கூடத் தாங்காது.

நாள் 704 — 11:05
வால்வுகளைப் பொருத்த எடுத்தேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. உள்ளே துரு. நான்கிலும். பைகளில் மணிகள் நீலம்.

நாள் 705 — 06:20
புரிந்துவிட்டது. பெட்டியின் கண்ணாடியில் எப்போதும் பனி படிந்திருக்கும், நிறம் தெரியாது. அதனால் மூடியைத் திறந்து பார்த்தேன், தினமும். ஒவ்வொரு முறையும் இந்தக் கோளின் காற்று உள்ளே போய், குளிர்ந்த இரும்பின் துளைகளில் நீராகப் படிந்திருக்கிறது. மணிகள் உறிஞ்சுவதற்குள் மறுநாள் திறந்தேன். நிறம் மாறினால் பையை மாற்றினேன். மணிகளைத்தான் காப்பாற்றியிருக்கிறேன்.
ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்தால் போதும் என்றுதான் விதி. காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

நாள் 706 — 14:50
எண்ணெயில் ஊறவைத்து, சுரண்டி, மூன்றை அசைத்துவிட்டேன். நான்காவதன் தண்டு கையோடு முறிந்து வந்தது. மாற்று இல்லை. பிரிட்டோவிடம் சொல்லியிருக்கக் கூடாது.
"அவசரக் கலத்துல இறங்கி வாரேன். ரெண்டு பேரும் சேந்து சரி பண்ணுவோம்."
"அது இறங்கத்தான் செய்யும், ஏறாது. என் கலத்துல ஒரே சீட்டு. நீ எதுல திரும்புவ?"
"வந்தப்புறம் பாத்துக்கிடலாம்க்கா."
"பிரிட்டோ, வராதே."
"நாளைக்கு மூணு மணி வரைக்கும் பொறுக்கேன். அதுக்குள்ள நாலும் திறக்குதுன்னு சொல்லுங்க. இல்லன்னா வந்துருவேன்."

நாள் 707 — 14:40
விரல் நகங்கள் போய்விட்டன. நான்காவது அசையவில்லை.

14:58
நான்கும் திறக்கின்றன என்று சொல்லிவிட்டேன்.
"அப்படிப் போடுங்கக்கா! டீ போட்டு வைக்கவா?"
சீனி கம்மியாக என்றேன்.

16:21
கலத்தில் இருக்கிறேன். இனி நான் சொல்வது தானாக நிலையத்தில் எழுத்தாகப் பதிவாகும். மூன்று வால்வோடு நேராக ஏற முடியாது. ஏறாமல் இருந்தால் அவன் இறங்கிவிடுவான்.

16:33
பற்றவைத்தேன். மூன்று திறந்தன. கலம் தரையை விட்டது.

16:34
"அக்கா, ஏன் ஒரு பக்கமா சாயுதீய?"
கைப்பிடியை மறுபக்கம் திருப்பினேன்.
"அக்கா, நாலாவது எரியலயே. அக்கா? பொய் சொன்னீயளா?"
கைப்பிடி இழுக்கிறது. பனி மட்டும்தான் தெரிகிறது. அவன் மேலேதான் இருக்கிறான். அது போது—