எந்தத் தண்ணீரில் கழுவுவார்கள்

ஆடி 7, வியாழன்

காலையிலிருந்து பேய்க்காற்று. கொடித்துணி எல்லாம் செம்மண்.

குமரேசன் வந்தான், கொழுந்தனார் மகன். இனி கு. என்றே எழுதுவேன், அது போதும் அவனுக்கு. கூடவே ஷூ போட்ட கம்பெனிப் பையன் ஒருவன். சோலார் கண்ணாடி நட மேட்டுக்காடு முழுவதும் குத்தகைக்கு வேண்டுமாம். பங்காளிகள் எல்லாரும் சரி சொல்லியாயிற்றாம். நடுவில் கிணற்றோடு என் துண்டு மட்டும் பாக்கி.

"தண்ணியே வேணாம் பெரியம்மா. வெயிலு மட்டும் போதும்."

பக்கத்து மேட்டில் தைலமரம் வைத்த வருஷம் இவன் அப்பன் சொன்னதும் இதேதான். நீலக்கோடு போட்ட சட்டை, வாயில் வெற்றிலை. "தண்ணி குடிக்காத மரம் மதினி." அதற்குப் பிறகு கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை.

புதன்கிழமை கையெழுத்தாம். ஆடியில் எவன் பத்திரம் போடுவான்? அப்படி என்ன அவசரம்? படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "எதப் படிச்சு?" என்று சிரித்தான்.

சாயங்காலம் குவைத்திலிருந்து மகன் போன். "சும்மா கெடக்குற நெலந்தானம்மா. போட்டுக் குடுத்துரு." நான் சொல்லும் முன்னே இவனுக்கு யார் சொன்னது?

ஆடி 8, வெள்ளி

நூலகம் போனேன். பூட்டு. "வெள்ளிக்கெழம லீவு ஆத்தா" என்றான் டீக்கடைக்காரன். ஊரெல்லாம் ஞாயிறு லீவு, இதற்கு மட்டும் வெள்ளியா? கு. வேலையோ என்று நினைத்தேன். பலகையைப் பார்த்தால் பழைய பெயிண்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சரி.

வாங்கியது: கருவாடு, சீயக்காய், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு.

ஆடி 9, சனி

நூலகத்தில் இருப்பது வசந்தி. பாக்கியத்தின் மகள். இவள் அக்காக்காரி சடங்குக்கு என் பித்தளை அண்டாவை வாங்கிப் போய், இடுப்பில் ஒடுக்கோடு திருப்பித் தந்தாளே, அந்தப் பாக்கியம். "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒடுக்கு இருக்கிறது.

"என்ன புத்தகம் வேணும் ஆத்தா?"

"வெயில்ல கரண்டு எடுக்குறது. நல்லது கெட்டது ரெண்டும் போட்டிருக்கணும்."

சுற்றுச்சூழல் என்று ஓர் அடுக்கு. பரீட்சைப் பிள்ளைகளுக்கான கேள்வி பதில். காற்றாடி மின்சாரம் பற்றி ஒன்று. சூரியன் பல்லைக் காட்டிச் சிரிக்கும் குழந்தைப் புத்தகம். விவரமான தடிப் புத்தகம் மட்டும் வெளியில் போயிருக்கிறதாம். யார் எடுத்தது என்றேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது ஆத்தா."

கு.தான். வேறு யார்?

புதுக்கோட்டை பெரிய நூலகத்தில் இன்னொன்று இருக்கும், திங்கள் மீட்டிங் போகும்போது எடுத்து வருகிறேன் என்கிறாள். இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

உறுப்பினர் ஆகக் கையெழுத்து கேட்டாள். இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டேன். "மடிக்காம, கிழிக்காமத் திருப்பித் தரணும்." அந்த வீட்டுப் பெண், என்னிடம்.

ஆடி 11, திங்கள்

வெயில் சாய்ந்தபின் ஸ்கூட்டியில் வந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். காப்பி வேண்டாமாம். உள்ளே ஒரு பக்கத்தில் துண்டுச் சீட்டு. ஏன் அந்தப் பக்கம்? மற்றதைப் படிக்கவிடாமல் செய்யத்தானே? முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். பாதி புரியவில்லை. கண் எரிச்சல்.

ஆடி 12, செவ்வாய்

கரி எரிக்காத கரண்டு. புகை இல்லை. நல்லதுதான். வெயில்மேல் எனக்குக் கோபமில்லை.

மத்தியானம் சீட்டு வைத்த பக்கம் வந்தது. கண்ணாடியில் தூசி படிந்தால் கரண்டு குறையும், அடிக்கடி கழுவ வேண்டும். படத்தில் ஒருவன் குழாயைப் பிடித்துப் பீய்ச்சுகிறான். நிமிர்ந்து கொடியைப் பார்த்தேன். துவைத்த துணி மறுபடியும் செம்மண்.

அடுத்த பக்கம்: தண்ணீர் இல்லாமல் பிரஷ்ஷால் துடைக்கும் மெஷினும் உண்டு. விலை கூடுதல்.

ஆடி 13, புதன்

வந்தார்கள். பேனாவைத் திறந்தே கொண்டுவந்தான் கு. நான் பையனைப் பார்த்துக் கேட்டேன்.

"தம்பி, கண்ணாடியில புழுதி விழுந்தா எதுல கழுவுவீங்க?"

"போர் போட்டுத்தாம்மா. ஒங்க கெணத்த ஒட்டித்தான் பாயிண்ட் பாத்திருக்கோம்."

பாவம், மறைக்கத் தெரியாத பையன். கு. முகம் போன போக்கு.

"வெயிலு மட்டும் போதும்னியேடா?"

"அது சும்மா சொட்டுத் தண்ணி பெரியம்மா."

"ஒங்கப்பனும் தண்ணி குடிக்காதுன்னுதான் சொன்னாரு. போர் போட மாட்டோம், பிரஷ்ஷுல தொடச்சுக்கிறோம்னு பத்திரத்துல எழுதிட்டு ஆவணியில வாங்க. போடுறேன்."

பையன் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். கு. மட்டும் வாசலில் நின்றான்.

"யாரு குடுத்தா அந்தப் பொஸ்தகத்த?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது" என்றேன்.

ஆடி 16, சனி

காற்று குறைவு. கம்பெனிப் பையன் போன் இல்லை. மகனும் பேசவில்லை, கு. ஓதியிருப்பான். கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் என் தலை தெரியும் அளவுக்குத் தண்ணீர்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வசந்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். ஒடுக்கு இல்லை. வெளியில் போயிருந்த புத்தகம் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண் கையில் இருந்தது. கு. எடுக்கவில்லை. அதற்காக அவன் யோக்கியன் ஆகிவிட மாட்டான்.

"வேற ஏதும் வேணுமா ஆத்தா?"

தைலமரத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்றேன். கீழ் அடுக்கில் கைவிட்டு ஒன்றை உருவினாள். சின்னப் புத்தகம். அட்டை பழுப்பு. 'தைலமரமும் நிலத்தடி நீரும்'. எடுத்துப்போன தேதி குத்தும் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. இத்தனை வருஷமும் இங்கேதான் இருந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.