காலியாக விட்ட கட்டம்

ஜூன் 3

"போறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு என்ன குடுத்துட்டுப் போறீங்க டீச்சர்?" நான் ஓய்வு பெற்ற அன்று தலைமையாசிரியர் கேட்டது. வாசல் சுவரில் பதிக்க ஒரு கட்டம் வரைந்து கொடுத்தேன். கல் தயாராகிறதாம்.

3 1 1
1 9 9
1 9 □

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், மூலைக்கு மூலை, எல்லாம் பகா எண்ணாக வரவேண்டும். கடைசி இடத்தை வேண்டுமென்றேதான் காலியாக விட்டேன். 1, 3, 7, 9 நான்குமே குறுக்கிலும் நெடுக்கிலும் பொருந்தும். மூலைவிட்டத்துக்கு 7 மட்டும்தான். பிள்ளைகள் நின்று மண்டையைச் சொறியட்டும்.

ஜூன் 19

திறப்பு விழா. காலி இடத்தில் 1 செதுக்கியிருக்கிறது! மேலே, 'ஆக்கம்' என்று தலைமையாசிரியர் பெயர்.

"ஒரு கட்டத்த விட்டுட்டீங்க டீச்சர், நானே நிரப்பிட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்?

ஜூன் 20

மூலைவிட்டம் 391. பார்க்கச் சாது. 3, 7, 11, 13 எதற்கும் மசியாது. மனுஷன் அங்கேயே நிறுத்திவிட்டார். அடுத்தது 17. அதில் மீதியில்லாமல் போய்விடும்.

ஜூன் 23

நேரில் போய்ச் சொன்னேன்.

"கல்லுக்குப் பாலிஷே போட்டாச்சு. இனிமே யாரு டீச்சர் வகுத்துப் பாக்கப் போறா?"

"ரிட்டயர் ஆனவங்களுக்குப் பொழுது போகணும்ல சார்," என்றார் எழுத்தர், என் காதில் விழட்டும் என்றே.

வீட்டில் தங்கச்சி அதற்கு மேல். "பேர் போடலன்னு கோவம். அதச் சொல்லிட்டுப் போயேன்க்கா!"

அதுவும்தான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் தப்பு விடையை வாசலில் மாட்டிவிட்டு, உள்ளே எந்த முகத்தோடு கணக்கு எடுப்பது?

ஜூலை 8

கல் செதுக்கியவருக்குப் போன் செய்தேன். "ஒண்ணு மேல ஒரு கோடு இழுத்தா ஏழு. அஞ்சு நிமிஷ வேலைம்மா. ஆனா அவரு சொல்லணுமே."

ஜூலை 15

அவர் சொல்லவில்லை.

ஜூலை 30

இன்று அந்தப் பக்கம் போனேன். கல்லின் கீழ் மூலையை மறைத்து, இலை அடர்ந்த பெரிய பூந்தொட்டி. மேலே பெயர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

ஆக, வகுத்துப் பார்த்திருக்கிறார். தெரிந்தேதான் தொட்டியை வைத்திருக்கிறார். தெரியாமல் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு கசக்கவில்லை.

என்றைக்காவது இதை யாராவது படித்தால், அந்தத் தொட்டியை நகர்த்த வேண்டாம். ஒரு தாளில் இந்தக் கட்டத்தை வரைந்து, கடைசி இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுங்கள்.